பெயரைக் கேட்பதற்கு முன்னால்

ஹோமரின் ‘ஒடிசி’ என்றதும் பலருக்கு ஒற்றைக்கண் அரக்கன்தான் நினைவுக்கு வருவான். எனக்கு அந்தக் காவியத்தின் உச்சம், பன்றி மேய்க்கும் ஓர் அடிமையின் குடிசை.

டிராய்ப் போரில் 10 ஆண்டு, திரும்பும் வழியில் 10 ஆண்டு கழித்து, ஒடிசியஸ் தன் தீவான இத்தாக்காவில் கால் வைக்கிறான். ஏதீனா தேவி அவனைக் கந்தல் உடுத்த கிழவனாக மாற்றிவிட்டாள். அந்த அடிமையின் குடிசையை அவன் நெருங்கியதும் நாய்கள் பாய்ந்து வருகின்றன. செருப்புக்குத் தோல் அறுத்துக்கொண்டிருந்த பன்றி மேய்ப்பவன் யுமேயஸ், கையிலிருந்த தோல் கீழே விழ, ஓடிவந்து கல்லெறிந்து விரட்டுகிறான். சுள்ளிகளைப் பரப்பி, தான் படுக்கும் ஆட்டுத்தோலையே விரித்து வந்தவனை உட்காரவைக்கிறான். இரண்டு பன்றிக்குட்டிகளை அறுத்துச் சுட்டு, பார்லி மாவு தூவி, கம்பியோடு சுடச்சுட முன்னே வைக்கிறான். கொழுத்த பன்றிகளை அரண்மனையில் அரசியை மணக்கக் காத்திருப்பவர்கள் தின்றுவிடுகிறார்களே என்று வருந்துகிறான். நீ யார், எந்த ஊர் என்று அவன் கேட்பதெல்லாம் கிழவன் வயிறாரச் சாப்பிட்ட பிறகுதான். அன்னியரும் பிச்சைக்காரரும் சீயஸ் கடவுளின் பாதுகாப்பில் இருப்பவர்கள் என்பது கிரேக்கரின் நம்பிக்கை.

ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸ் இந்த முறையைத் தலைகீழாக்குகிறான். முதலில் யார் என்று கேட்கிறான். பிறகு விருந்தாளிகளையே தின்கிறான். போக விடாமல் பிடித்து வைப்பதும் தவறுதான். தேவதை கலிப்சோ தன் தீவில் 7 ஆண்டுகள் ஒடிசியஸுக்கு எல்லாம் கொடுத்தாள், வழியனுப்புதல் ஒன்றைத் தவிர.

சொந்த அரண்மனைக்குள்ளும் அவன் பிச்சைக்காரனாகவே நுழைகிறான். அவன் மனைவியை மணக்கக் காத்திருக்கும் கூட்டத்தில் ஒருவன் கால்மணையை வீசுகிறான். இன்னொருவன், இதோ விருந்தினருக்கு என் பரிசு என்று மாட்டுக்காலை எறிகிறான். அவர்களை ஒடிசியஸ் கொல்வது நமக்குப் புரிகிறது. ஆனால் பணிப்பெண்களையும் தூக்கிலிடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

யுமேயஸின் கதையை, குடிசைக் காட்சிக்கு அடுத்த பாகத்தில், அவன் வாயாலேயே கேட்கிறோம். அவன் ஒரு தீவு அரசனின் மகன். சிறுவயதில் ஃபினீசிய வணிகர்கள் கடத்திவந்து இத்தாக்காவில் விற்றுவிட்டார்கள். ஒடிசியஸுக்கு ஊர் திரும்பக் கிடைத்தது. அவனை முதலில் வரவேற்றவனுக்குக் கிடைக்கவே இல்லை. அரசர்களும் வீரர்களும் நிறைந்த ‘ஒடிசி’யில், கதை சொல்லும் கவிஞர் ‘நீ’ என்று நேராக விளித்துப் பேசுவது இந்த யுமேயஸ் ஒருவனிடம்தான்.