அலமாரியில் ஒரு திரைப்படம்

நல்ல நூலை இரவல் வாங்கிப் படிப்பது ஓர் இன்பம். அதையே சொந்தமாக்கிக்கொண்டு வேண்டும்போதெல்லாம் புரட்டுவது மற்றோர் இன்பம். கலைத்தரமுள்ள திரைப்படத்திற்கும் இது பொருந்தும் என்பேன்.

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ 1955-இல் வெளிவந்தது. அதன் மூல நெகட்டிவ், 1993-இல் லண்டனில் பிலிம் கழுவும் கூடமொன்றில் நேர்ந்த தீவிபத்தில் சிக்கிக் கருகியது. ஆயினும் எஞ்சியதை எறிந்துவிடவில்லை. பின்னாளில் இத்தாலியின் பொலோஞா நகரத்து வல்லுநர்கள், இறுகிக் கிடந்த சுருள்களுக்கு ஈரமூட்டி இளக்கி, பயன்படும் பகுதிகளை மீட்டனர். அழிந்த இடங்களைப் பிற பிரதிகளைக்கொண்டு நிரப்பினர். 2015-இல் அது ப்ளூ-ரே வட்டாகவும் கிடைத்தது.

பழைய டி.வி.டி.யில் படத்தின் உயரம் 480 அல்லது 576 வரிகளே, ப்ளூ-ரேயில் 1080. இந்த வேறுபாடு வெறும் கணக்கன்று. அப்புவும் துர்க்காவும் இரயிலைக் காண ஓடும் காட்சியைத் தேய்ந்த பிரதியொன்றில் முதலில் கண்டேன். நாணற்பூக்கள் வெண்புகையாகவே தெரிந்தன. வட்டில் பார்த்தபோதோ, ஒவ்வொரு கதிரும் தனித்தனியே அசைந்தது. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவின் திறமை அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

இணையத்தில் இன்றுள்ள படம், உரிமைக்காலம் முடிந்தால் நாளை மறையக்கூடும். அலமாரியிலுள்ள வட்டுக்கு அந்த அச்சமில்லை. நிறுத்திப் பார்க்கலாம், மீண்டும் பார்க்கலாம், நண்பருக்கும் கொடுக்கலாம். திருப்பி வாங்க மட்டும் மறவாதீர்கள்!