அழும் பிள்ளைக்கு ஒரு சொல்

(ஆலயத் திருவிழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவர்களுடைய மனவளர்ச்சியைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

நம் மலைநாட்டில் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தோன்றியது. தோட்டப்புறங்களில் பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கைக்குழந்தைகளைக் காத்தது ஆயாக் கொட்டகை. தொழிலாளர் வீடமைப்பு குறித்த 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டமும் குழந்தைக் காப்பகத்தைச் சேர்த்தே கூறுகிறது. ஆயினும், பாலும் பாயும் மட்டும் குழந்தைக்குப் போதா. அழும்போது தூக்கி அணைக்கும் கை வேண்டும். தன் துன்பம் பிறர்க்குப் புரியும் என்பதைக் குழந்தை அந்தக் கையிடமே முதலில் கற்கிறது.

ஒரு வயதளவில் குழந்தை தாயின் முகம் பார்த்து அச்சமா, மகிழ்ச்சியா என அறிகிறது. இரண்டு மூன்று வயதில் உணர்ச்சிகளைச் சொல்லால் குறிக்கத் தொடங்குகிறது. நான்கைந்து வயதில், தான் நினைப்பதையே பிறரும் நினைப்பதில்லை என்று உணர்கிறது. ஒரே வேளையில் மகிழ்ச்சியும் வருத்தமும் தோன்றலாம் என்பது இன்னும் பிந்தியே விளங்கும்.

இவ்வளர்ச்சிக்கு வீட்டுப் பேச்சு பெரிதும் துணைபுரிகிறது. ஜூடி டன்னும் உடனாய்வாளர்களும் 1991இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மூன்று வயதில் வீட்டாருடன் உணர்ச்சிகளைப் பற்றி மிகுதியாகப் பேசிய பிள்ளைகள், ஆறு வயதில் பிறர் உணர்ச்சிகளை நன்கு உணர்ந்தனர் என்பது அதன் முடிவு. நமக்கோ சொற்பஞ்சம் இல்லை. அழுகை, அச்சம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தது தொல்காப்பியம்.

ஆனால் நாம் என்ன சொல்கிறோம்? "ஆண்பிள்ளை அழலாமா?" என்கிறோம், "பூச்சாண்டி வருகிறான்" என்கிறோம், இன்று கைத்தொலைபேசியைக் கையில் கொடுத்துவிடுகிறோம். அழுகை நிற்கும், ஆனால், தன் மனத்தில் எழுந்தது யாது என்பதைப் பிள்ளை அறியாமலே போகும். பெயரறியாத கோபம் பின்னாளில் கைகலப்பாகவோ பிடிவாத மௌனமாகவோ வெளிப்படக்கூடும்.

எனவே, தாய்மார்களே, தந்தையரே! "பொம்மை உடைந்ததால் உனக்கு வருத்தம், தம்பிமேல் கோபமும் வந்துவிட்டது. கோபம் வரலாம், அடித்தல் கூடாது. இனி என்ன செய்யலாம், சொல்" என்று கேட்டுப் பாருங்கள். வேலைக் களைப்போடு வீடு திரும்பும் நாளில், "அப்பாவுக்கு இன்று களைப்பு, உன்மேல் கோபமில்லை" என்று சொல்லுங்கள். இதற்குப் பணம் வேண்டா, பட்டமும் வேண்டா. நாள்தோறும் ஐந்து நிமிடப் பொறுமை போதும்.