குறை கூறுவாரும் கேட்பாரும்

(நம் சங்கத்தின் வருடாந்தரக் கூட்டத்தில், போடிநாயக்கனூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிறர் நம்மிடத்துக் குறை கூறுங்கால் நாம் ஒழுக வேண்டிய முறை யாது என்பதே இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதனைப் பேசுதற்கு எமக்குத் தகுதி உண்டோவென ஐயுறுவார் சிலர் இக்கூட்டத்தில் இருத்தல் கூடும். அவர்தம் ஐயம் நியாயமானதே. காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

நம் ஊரார்க்கு இது புதிய விஷயமன்று. மேற்கே மலைச்சரிவில் விளைந்த ஏலக்காயைப் பறித்து, ஸ்டோரில் உலர்த்தி, காம்பு நீக்கி, சல்லடையிலிட்டுத் தரம் பிரித்து ஏலத்திற்கு அனுப்புகின்றோம். விலை கேட்பது இக்காலத்துக் கணிப்பொறி வாயிலாக நடைபெறினும், மாதிரிக் காயைக் கையிலெடுத்துப் பார்க்கும் வழக்கம் ஒழிந்ததில்லை. வியாபாரி சிறிதும் தயங்காது, ‘நிறம் வெளிறியிருக்கிறது, லிட்டர் எடை போதாது, வெடித்த காய் மிகுதி’ என்கிறார். தோட்டக்காரர் முகம் சற்றே வாடும், அவ்வளவே. பறிக்கும் பருவமும் உலர்த்தும் சூடும் தவறினாற் பச்சை நிறம் நில்லாது என்பதை அவர் அறிவார். ஆகவே தோட்டம் திரும்பியதும், காய் பழுக்குமுன் பறிக்குமாறு ஆட்களுக்குச் சொல்லுகிறார். ஸ்டோரின் சூட்டைத் தாமே சென்று பார்க்கிறார். காயைப் பழித்தவரோடு அடுத்த ஏலத்தில் ஒருங்கிருந்து காப்பியும் அருந்துகிறார். அவரிடமே, ‘உம் மகனுக்குப் பேச்சில் அடக்கம் போதாது’ என ஒருவர் சொல்லிப் பார்க்கட்டும்! மூன்று தலைமுறைக்கு அவ்விரு வீட்டிற்கும் போக்குவரத்து இராது.

தமிழ்ப் புலவர்கள் இவ்வகையில் நம்மினும் துணிந்தவர்கள். நூலை அரங்கேற்றுதல் என்பது யாது? அவையைத் தாமே கூட்டித் தம் நூலின் குற்றங்களை எடுத்துரைக்குமாறு இடம் கொடுத்தலன்றோ? தொடக்கத்தில் அவையடக்கம் பாடியதும் அதற்கு இயைந்ததே. (அவையடக்கம் பாடியவரெல்லாம் மனத்திலும் அடங்கியவரோ என்பது வேறு கேள்வி.)

மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர்கள் சரித்திரத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் உள. 1880-ஆம் ஆண்டில் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர், வயது இருபத்தைந்து. அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை முதலியவற்றை வரிசையாகச் சொன்னார். முதலியார் வியந்தாரில்லை. அவற்றாலெல்லாம் பயன் என்னவென வினவி, சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டோ என்றார். பெரும் புலவரிடம் பல்லாண்டு கற்ற இளைஞரை நோக்கி இவ்வாறு கேட்டல் சிறிய அடியன்று. எம்மனோராயின் அவ்வீட்டு வாயிற்படியை மீண்டும் மிதியோம். ஐயரோ மீண்டும் சென்றார். சீவகசிந்தாமணிப் பிரதியை முதலியாரிடமே பெற்றுவந்து வாசிக்கத் தொடங்கினார். ஏழாண்டு உழைப்பின் பின் 1887-இல் அந்நூல் அச்சேறியது.

அச்சேறியதும் கண்டனங்கள் எழுந்தன. சைவராயினார் சமண நூலைப் பதிப்பித்தல் தகுமோ என்றனர் சிலர். பதிப்பிற் பிழைகளென்று சிலவற்றைக் காட்டித் துண்டுப் பிரசுரம் போட்டனர் சிலர். ஐயர் மறுப்பெழுத முற்பட்டபோது, கல்லூரியில் உடனிருந்த சாது சேஷையர், மறுப்பில் இறங்கினாற் காலம் வீணாகும், மேற்கொண்ட பணி நின்றுவிடும் எனத் தடுத்தார். ஐயர் அதற்கு இணங்கினார். பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும் வெளிவந்தன. சிந்தாமணியைத் திருத்தி இரண்டாம் பதிப்பாக 1907-இல் வெளியிட்டார்.

முதலியார் சொல் கசப்பினும் அதிற் செய்தற்குரிய காரியம் ஒன்று இருந்தது. பிரசுரக்காரர் சொல்லின் பெரும்பகுதியில் வாதம் ஒன்றே இருந்தது. இவ்வேற்றுமையைக் கண்டுகொள்ளுதல் எளிதென்று எண்ணியிருந்தோம். இனி எம் கதைக்கு வருவோம்.

கல்வி நிதிக் கணக்கு எம் பொறுப்பிலுள்ளதை யாவரும் அறிவீர். சென்ற ஆண்டு இதே மண்டபத்தில் நம்மவருள் ஓரிளைஞர் எழுந்து, உதவித் தொகைப் பட்டியலில் ஒரு பெயர் இருமுறை வந்திருப்பது ஏன் எனக் கேட்டு, எழுதிய தாளொன்றையும் கொடுத்தார். யாம் பேரேட்டைத் திறந்தோமில்லை. அத்தாளை உயர்த்திப் பிடித்து, ஒற்றுப்பிழை இரண்டும் றகர ரகரப் பிழை ஒன்றும் காட்டி, ‘எழுத்தைத் திருத்திக்கொண்டு பின்னர்க் கணக்கைத் திருத்தலாம், தம்பி’ என்றோம். சபை சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். அவர் அமர்ந்தார், பின் சங்கத்தின் பக்கம் வரவில்லை.

தை மாதத்தில் ஓரிரவு அக்கணக்கை மீண்டும் பார்க்க நேர்ந்தது. அவர் கேட்டது சரியே. ஒரு பெயரை இருமுறை எழுதிய எம் கை, மலைமேல் தோட்டவேலை செய்யும் ஒருவர் மகளின் பெயரை விட்டுவிட்டது. தொகை நான்காயிரம் ரூபாய். அப்பெண்ணின் கல்லூரிக் கட்டணத்திற்காக அவள் தந்தையார் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். முதலையும் வட்டியையும் எம் சம்பளத்திலிருந்து கொடுத்தோம், அஃது எளிதாயிற்று. இளைஞர் வீட்டிற்குச் சென்றதே அரிதாயிற்று. அவர் தாயார் காப்பி கொடுத்தார். நெடுநேரம் வாளாவிருந்த அவ்விளைஞர், ‘நான் கணக்கைத்தான் கேட்டேன் ஐயா, உங்களைக் கேட்கவில்லை’ என்றார்.

எம் செய்கையைச் சபையிற் சிரிப்பாகத் தொடங்கினமையின், அதனைச் சபையிலேயே சொல்லக் கடமைப்பட்டோம். இவ்வாண்டுக் கணக்கு அடுத்து வாசிக்கப்பெறும். அவ்விளைஞர் எம் வேண்டுகோளுக்கு இணங்கி இன்று வந்து, கடைசி வரிசையில் வாயிலருகே அமர்ந்திருக்கின்றார். பேரேடு இம்மேசைமேல் இருக்கிறது. அக்கிராசனாதிபதி அவர்கள் அனுமதிப்பாராயின், வாசிக்குமுன் அவர் வந்து அதனைப் பார்வையிட வேண்டுகிறோம். வாருங்கள், தம்பி.