காலதரும் மூச்சும்

(போளூரில் ஆற்றப்பெற்ற உரை)

 

பலகணிக்குக் 'காலதர்' என்று பெயரிட்டனர் பழந்தமிழர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றுக்கென்றே சுவரில் வழி திறந்த அம்மக்களின் வழிவந்தோர், இன்று ஆரணி, போளூர்ப் பக்கத்துத் தறிவீடுகள் பலவற்றில் அவ்வழியை அடைத்துவிட்டு உள்ளே அமர்ந்து இருமுகின்றனர்.

நுரையீரல் தானே இயங்குவதன்று. நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவிலுள்ள தசைத்திரை கீழிறங்க, விலாவெலும்புகள் மேலெழ, நெஞ்சறை விரிகின்றது. கொல்லன் துருத்தியிற்போல் காற்று உட்புகுகின்றது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, மேன்மேலும் கிளைத்து, கோடிக்கணக்கான நுண்ணறைகளில் முடிகின்றது. அவற்றை விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர். பத்துப் பதினொரு சேலைகளின் பரப்பு! அவ்வறைச் சுவரோ பட்டிழையினும் மெல்லியது. அதனூடேதான் உயிர்வளி குருதியிற் கலக்கின்றது, கரிவளி வெளியேறுகின்றது.

இத்துணை மெல்லிய நெசவில் தூசு படிந்தால் என்னாகும்? ஈளை நோயில் குழலின் தசை இறுகி, உட்புறம் வீங்கிச் சளி கட்டுகின்றது. இழுத்த மூச்சை வெளிவிடுவதே பெரும்பாடாகின்றது. பட்டுக்கூட்டில் நூலெடுப்போர் சிலர்க்கு அக்கூட்டின் பசைப்பொருளே ஈளையை உண்டாக்குவது கண்டறியப்பட்டுள்ளது. சாயத்தூள், களம்பூர் அரிசியாலைகளின் உமித்தூசு, அடுப்புப்புகை ஆகியவையும் மூச்சுக்குழலுக்குப் பகை. சுருட்டும் பீடியுமோ நுண்ணறைகளையே சிதைப்பன, சிதைந்தவை மீள்வதில்லை.

எலும்புருக்கியின் கதை வேறு. அது பரம்பரை நோயன்று, நுண்ணுயிரால் வருவது. செருமானிய அறிஞர் கோக்கு 1882-இலேயே அதனைக் கண்டு காட்டினார். ஆயினும், பெண் கொடுக்கமாட்டார், தறி கொடுக்கமாட்டார் என்றஞ்சி அதனை மறைக்கும் வீடுகள் இன்றும் உள. மறைக்கப்பட்ட நோய் அடைத்த அறைக்குள் அடுத்தவர் மூச்சிற் புகுகின்றது.

1928-இல் மருத்துவர் சவுரிமுத்து தாம்பரத்தில் நலவாழ்வு மனை நிறுவிய காலத்தில், நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமான உணவுமே மருந்து. பின்னர் மருந்துகள் வந்தன. வீட்டைவிட்டுப் பிரித்தால்தான் நோய் தீருமா என்னும் வினாவுக்கு, 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் (போளூரை அடுத்த சேத்துப்பட்டன்று) தொடங்கிய ஆய்வு விடை கண்டது. ஏழை நோயாளர் 193 பேரில் ஒரு சாராருக்கு மனையிலும் மறுசாராருக்கு அவரவர் குடிசையிலும் ஓராண்டு மருந்தளித்தனர். இரு சாராரும் ஏறத்தாழ ஒப்பவே நலம் பெற்றனர். குடிசையில் உடன் வாழ்ந்தோர்க்கும் அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவில்லை. 1959-இல் வெளியான அம்முடிவு உலக நாடுகளின் மருத்துவமுறையையே மாற்றியது.

வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும் எலும்புருக்கிக்கு இன்று 6 திங்கள் மருந்து போதும். ஆயின் இரண்டாம் திங்களில் இருமல் நின்றதும் மருந்தையும் நிறுத்துவோர் பலர். அவரிடம் நோய் மருந்துக்கு அடங்காததாய்த் திரும்புகின்றது. இரண்டு கிழமைக்கு மேல் இருமுவோர் எவராயினும் அரசு மருத்துவமனையிற் சளியை ஆய்வுக்குக் கொடுக்கலாம். ஆய்வுக்கும் மருந்துக்கும் கட்டணமில்லை.