டிக்கெட் இல்லாத மேடை

(வடசென்னைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் கலை நிகழ்ச்சியைத் துவக்கிவைத்து ஆற்றிய உரை)



இன்னும் சற்று நேரத்தில் இங்கே பாட்டும் பறையும் நாடகமும் நடக்க இருக்கின்றன. டிக்கெட் கிடையாது. "கூலி, போனஸ், பஞ்சப்படி என்று பேச வேண்டிய சங்கத்துக்காரர்கள் கூத்து நடத்திக்கொண்டு திரிகிறார்களே!" என்று நம்மவர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறோம்.

பதில் வேறெங்கும் இல்லை, நம் பெரம்பூரிலேயே இருக்கிறது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இருவர் இங்கே வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்று ஒன்றை நடத்திவந்தார்கள். பஜனையும் சமயப் பிரசங்கமும்தான் சபையின் வேலை. சமயப் பிரசங்கம் நமக்கு உடன்பாடா என்பது வேறு விஷயம். பக்கத்தில் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள். வேலை முடிந்த தொழிலாளிகள் காலணா கொடுக்காமல் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டுவிட்டு வாய்மூடி வீட்டுக்குப் போனார்களா? இல்லை. பகல் சாப்பாட்டுக்கு விடுகிற நேரம் போதவில்லை, மேலதிகாரிகளின் கொடுமை தாங்கவில்லை என்று அந்தச் சபைக்காரர்களிடமே முறையிட்டார்கள். திரு.வி.க. வந்து பேசினார். வாடியா வந்தார். 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சரித்திரத்தில் எழுதியிருக்கிறார்களே, அந்தச் சங்கம்தான்! அந்த ஆலைகள் 1996ல் மூடப்பட்டுவிட்டன. ஆனால் பாட்டுக் கேட்கக் கூடிய கூட்டம்தான் சங்கமாகவும் கூடியது என்ற உண்மையை யாரால் மூட முடியும்?

ஜனங்கள் ஒன்றாக உட்கார ஓர் இடம் வேண்டும், தோழர்களே. தனித்தனி வீட்டில் தனித்தனி செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரனின் கஷ்டம் எப்படித் தெரியும்?

இன்று சென்னையில் இலவச நிகழ்ச்சிகளே இல்லையா என்றால், இருக்கின்றன. கோட்டூர்புரத்தில் 2010ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் 'பொன்மாலைப் பொழுது' என்று சனிக்கிழமை மாலைகளில் எழுத்தாளர்களும் அறிஞர்களும் பேசிவந்திருக்கிறார்கள். நல்ல காரியம். கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டாவது ஷிப்டுக்காரன் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எங்கே இருப்பான்? மெஷின் முன்னால் இருப்பான். வீட்டு வேலைக்குப் போகிற தாய்க்கு இங்கிருந்து போகவர இரண்டு மணி நேரம் யார் கொடுப்பார்கள்? டிக்கெட் இல்லை என்பதாலேயே ஒரு நிகழ்ச்சி ஏழைக்கும் உரியதாகிவிடாது. அவன் இருக்கும் இடத்துக்கு, அவன் ஓய்ந்திருக்கும் வேளைக்கு அது வர வேண்டும்.

அப்படி வந்ததும் உண்டு. 2007 பொங்கலை ஒட்டிச் 'சென்னை சங்கமம்' துவங்கியது. கரகமும் ஒயிலும் தப்பாட்டமும் மாவட்டங்களிலிருந்து வந்து பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஆடின. கட்டணமில்லாமல் பட்டணத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். 2011ல் ஆட்சி மாறியது, சங்கமம் நின்றது. 2023ல்தான் திரும்ப வந்தது. நடுவில் பத்து வருஷத்துக்கு மேல் போய்விட்டது! கோட்டையில் ஆள் மாறினால் தெருவில் பறை நின்றுவிடுகிறது. இதில் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது.

பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015ல் இன்னொரு விதமாக நடந்தது. மீனவர் குப்பத்திலேயே மேடை. பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் குப்பத்து மக்களும் சேர்ந்து எடுத்த விழா. சபா மண்டபங்களில் கேட்ட கர்நாடக சங்கீதமும் பரத நாட்டியமும் மீன் வலை காயும் இடத்துக்கு வந்தன. பறையும் அதே விழாவில் முழங்கியது. கச்சேரி கேட்டால் குப்பத்தின் சாக்கடை சரியாகிவிடுமா என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆகாதுதான். ஆனால் அந்தத் தெருவுக்குள் ஒருநாளும் கால் வைக்காத பக்கத்து மாடிவீட்டுக்காரர் நடந்து வந்து, மீனவர் வீட்டு வாசலில் உட்கார வேண்டியதாயிற்று. அன்று வீட்டுக்காரர் யார், விருந்தாளி யார்?

ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறோம். பார்ப்பவர்களுக்கு இலவசம் என்பதற்காக ஆடுகிறவர்களுக்கும் இலவசமா? பறை அடிக்கிறவர் விடியவிடிய அடித்துவிட்டு, சால்வையும் சாப்பாடும் வாங்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும் என்று நினைக்கும் விழாக்காரர்கள் இந்த நகரத்தில் அநேகம். சால்வையைக் கொண்டுபோய் அரிசிக் கடையில் கொடுத்தால் அரிசி போடுவானா? ஓவர்டைம் கூலிக்குச் சண்டை போடுகிற நாம், பறைக்காரரின் கூலியை மறக்கலாமா? அவரும் உழைப்பாளிதான். அவருக்கும் கைகால் வலி உண்டு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உண்டு. பேசிய தொகையை மேடையை விட்டு இறங்கியதும் கையில் கொடுக்க வேண்டும். மறுநாள், மறுவாரம் என்று இழுத்தடிப்பது முதலாளி புத்தி.

அந்தத் தொகை எங்கிருந்து வரும்? துண்டு ஏந்தித்தான். பெரிய கடைக்காரரிடம் ஒரே நோட்டாக வாங்கினால் சுலபம். பின்னால் எந்தப் பாட்டு பாடலாம், எது கூடாது என்று அவர் சொல்ல ஆரம்பிப்பார். நூறு வீட்டில் பத்துப் பத்து ரூபாயாக வாங்கினால் நூறு வீடும் "நம் விழா" என்று நாற்காலி தூக்கிப் போட வரும்.

ஏற்பாட்டுத் தோழர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. பெண்கள் பின்னால் சுவரோரம் நின்று பார்க்கிறார்கள். முன் வரிசையில் இடம் விடுங்கள். கழிப்பிடத்துக்கு விளக்கு இல்லை. அதை உடனே கவனியுங்கள். மூன்றாவது ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஒன்பதரைக்கே எழுந்துவிடுவார்கள், ஆகவே நாடகத்தைக் கடைசியில் வைக்காமல் முதலில் வையுங்கள். பேச்சாளர்கள் யாரும் பத்து நிமிஷத்துக்கு மேல் பேசக் கூடாது. நாமே அந்த எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று அங்கே ஒரு தோழர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார்.

மேடைக்குப் பின்னால் பறையைக் காய்ச்சி முடித்துவிட்டார்கள். துண்டு இப்போது பின் வரிசையிலிருந்து வரும். தோழர்கள் மேடைக்கு வரலாம்.