கானமயிலுக்கு ஒரு புல்வெளி



ராஜஸ்தானில், ஜெய்சால்மரைச் சுற்றியுள்ள தார் பாலைவனத்தில் கானமயிலைக் காப்பதுதான் என் வேலை. அந்த ஊர் மக்கள் அதை ‘கோடாவண்’ என்பார்கள். அவர்களுடைய மாநிலப் பறவை அது. நிமிர்ந்து நின்றால் ஒரு மீட்டர் உயரம் இருக்கும். நன்கு வளர்ந்த சேவல் பதினைந்து கிலோ வரை எடை வரும். பறக்கக்கூடிய பறவைகளில் இவ்வளவு கனமானவை உலகத்திலேயே மிகச் சில. 1969-இல் நாடு முழுவதும் சுமார் 1,260 இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். இன்று வெட்டவெளியில் உயிரோடு திரிபவை 150 கூடத் தேறாது. இந்த மண்டபத்தில் போட்டிருக்கும் நாற்காலிகளை எண்ணிப் பாருங்கள். அதைவிடக் குறைவு!

பாலைவனம் என்றதும் நமக்கு மணல்மேடும் ஒட்டகமும்தான் கண்முன் வருகின்றன. சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. கானமயில் வாழும் பகுதியில் மணல்மேடு கொஞ்சம்தான், புல்தான் அதிகம். சேவண் என்றொரு புல், ஒரு மழை விழுந்தால் போதும், தூர் கட்டி இடுப்பளவு எழும்பிவிடும். அதற்குள் வெட்டுக்கிளி, வண்டு, முள்வால் ஓணான். ஓரங்களில் இலந்தைப் புதர். இடையிடையே கேஜ்ரி மரம், நம் கோயில்களில் தலமரமாக நிற்கிற அதே வன்னி. கானமயிலுக்கு வேண்டிய சாப்பாடு அத்தனையும் அங்கே இருக்கிறது.

கோடை கடைசியில் முதல் மேகம் திரளும்போது சேவல் தன் மேட்டுக்கு வரும். ஆண்டுதோறும் அதே மேடு. கழுத்துப் பையை ஊதி, வெண்மையாகத் தரை வரை தொங்கவிட்டு, வாலை முதுகின்மேல் மடக்கிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் எழுப்பும். அரை கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அது கேட்கும். பெட்டை ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். கூடு கட்டாது. வெறும் தரைதான். ஏறத்தாழ 27 நாள் அடைகாக்க வேண்டும். வெயில் ஏறும்போது சிறகை விரித்து முட்டைக்கு நிழல் பிடித்து நிற்கும். நாய் வரலாம், நரி வரலாம், மேய்ச்சல் மாட்டின் குளம்பு படலாம். இத்தனைக்கும் தப்பினால்தான் ஒரு குஞ்சு.

இப்படி மெதுவாகப் பெருகும் பறவையை நாம் என்ன செய்தோம்? பிரிட்டிஷ் ஆட்சியில் ராபர்ட் மேன்ஸ்ஃபீல்டு என்ற ஒருவர் மட்டும் 1809 முதல் 1829 வரை அகமத்நகர் வட்டாரத்தில் 961 கானமயில்களைச் சுட்டதாகப் பதிவு இருக்கிறது. விடுதலைக்குப் பிறகு இதைத் தேசியப் பறவையாக்க வேண்டும் என்று பறவையியலாளர் சலீம் அலி வாதாடினார், ஆனால் மயில் வந்தது. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டை பெருமளவு அடங்கியது. துப்பாக்கி ஓய்ந்த பிறகும் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. அந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

இன்று அதைக் கொல்வது மின்கம்பி. கானமயிலுக்குக் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. பக்கவாட்டில் வெகுதூரம் தெரியும். நேர் எதிரே தெரியும் பரப்பு மிகவும் குறுகலானது. தலையைத் தாழ்த்தித் தரையைப் பார்த்துக்கொண்டே பறந்தால் முன்னால் இருப்பது தெரியவே தெரியாது. கம்பி கண்ணில் பட்டாலும் அந்தக் கனத்த உடம்பைச் சட்டென்று ஒதுக்க முடியாது. இந்திய வனவிலங்கு நிறுவனம் ஜெய்சால்மர் பக்கம் 4,200 சதுர கிலோமீட்டருக்குக் கணக்கெடுத்து, எல்லா இனமும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 84,000 பறவைகள் கம்பிகளால் சாகின்றன என்று மதிப்பிட்டது. கானமயில் மட்டும் ஆண்டுக்கு 18 வரை. 150 கூட இல்லாத இனத்தில் 18!

விடியற்காலையில் கம்பித்தடத்தின் அடியிலேயே நடந்து போவோம். நாய்கள் முந்திக்கொண்டிருக்கும். புல்லில் சிக்கிய மார்பு இறகு, ஒரு கால், சில நேரம் உடைந்த சிறகு. அளந்து, படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொள்வோம். இந்த வேலையில் எனக்குப் பழகாதது இது ஒன்றுதான்.

அந்தக் கம்பிகள் சுமப்பது காற்றாலை, சூரிய மின்சாரம். நாட்டுக்கு வேண்டிய மின்சாரம். அதை எதிர்க்கும் கட்சி நான் இல்லை. வனவிலங்குப் பாதுகாவலர் எம்.கே. ரஞ்சித்சிங் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில், கானமயில் வாழும் பகுதிகளில் கம்பிகளைப் பூமிக்கு அடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது. பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் உரிமை என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. இரண்டும் நியாயம்தான். ஆனால் பறவை இறங்கும் புல்வெளியைச் சுற்றிக்கொண்டு போவதற்குக் கம்பிக்கு வழி உண்டு. செலவு கூடும், அவ்வளவுதான். பறவைக்கு மாற்று வழி கிடையாது. என் வாதம் இதுதான்.

நல்ல செய்தியும் இருக்கிறது. 2018-இல் மத்திய அரசு, ராஜஸ்தான் அரசு, வனவிலங்கு நிறுவனம் மூன்றும் ஒப்பந்தம் போட்டு, 2019-இல் சாம் என்ற ஊரில் இனப்பெருக்க மையம் தொடங்கின. வெளியில் கிடக்கும் முட்டையை எடுத்து, அடைகாக்கும் பெட்டியில் வைத்துப் பொரிக்க வைக்கிறோம். முட்டையை இழந்த பெட்டை பல நேரம் மறுபடி இடும் என்பதால் துணிந்து எடுக்க முடிகிறது. வெப்பமும் ஈரமும் சற்றுப் பிசகினாலும் கரு தங்காது; அடைகாக்கும் காலம் முழுக்க இரவும் பகலும் ஆள் இருப்பார்கள். 2024-இல் இன்னொரு படி ஏறினோம். இன்னொரு மையமான ராம்தேவ்ராவில் வளரும் சேவலைப் பொம்மைப் பெட்டையோடு பழக்கி, விந்தெடுத்து, சாமில் இருக்கும் பெட்டைக்குச் செலுத்தினார்கள். அக்டோபரில் குஞ்சு பொரித்தது. மையங்களில் இருப்பவை இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டன.

பொரித்த குஞ்சு எங்கே போகும்? கேள்வி அங்கேதான் வந்து நிற்கிறது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் இந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதி தரிசு என்றே இருக்கிறது. மரம் இல்லாததால் காடு ஆகாது. உழாததால் வயலும் ஆகாது. கேட்பவருக்குக் கொடுத்துவிடலாம். 1980-இல் ஏற்பட்ட பாலைவனத் தேசியப் பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர். அதற்கு வெளியிலும் பறவை முட்டையிடுகிறது. அங்கே அதைக் காத்து வந்தது சட்டம் மட்டும் இல்லை. ‘ஓரண்’ என்று ஊரார் சாமிக்கு விட்ட மேய்ச்சல் நிலங்கள், மரம் வெட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு, ஆடு மேய்ப்பவர்களின் கண். கோடாவண் முட்டையிட்டிருப்பதை எங்கள் கருவிகளுக்கு முன்னால் அவர்கள்தான் சொல்வார்கள். தோலியா கிராமத்து ராதேஷ்யாம் பிஷ்னோய், கோடையில் இந்தப் பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி நிரப்பிக்கொண்டிருந்த இளைஞர். 2025 மே மாதம் ஒரு இரவு, வேட்டைக்காரர்களைப் பற்றித் தகவல் வந்து புறப்பட்டபோது, சாலை விபத்தில் மற்ற மூவரோடு இறந்துபோனார். அந்த மூவரில் ஒருவர் வனக் காவலர். இந்த மேடையில் ராதேஷ்யாம் பெயரைச் சொல்லாமல் நான் இறங்க முடியாது.

கானமயில் ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்தது. நம் மேய்ச்சல் காடுகளும் இன்று தரிசு என்றே எழுதப்படுகின்றன. உங்கள் வட்டத்தில் அப்படி எழுதப்பட்ட நிலம் எது, அதன் குறுக்கே எந்தக் கம்பி வரப்போகிறது என்று தாலுகா அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். பதில் எழுத்தில் வாங்குங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கையில் வளர்ந்த முதல் தலைமுறை மனிதரைக் கண்டு அஞ்சாது. அதைத் திறந்துவிட முடியாது. அதற்குப் பிறக்கும் குஞ்சுகளை நரியைக் கண்டால் பதுங்கவும், வெட்டுக்கிளியைத் தானே பிடிக்கவும் பழக்கி வெளியே விடும் வேலை இனிமேல்தான் முழுவேகத்தில் நடக்க வேண்டும். அதற்கு இளம் உயிரியலாளர்கள் தேவை. இந்தி அரைகுறையாகத் தெரிந்தால் போதும், மிச்சத்தை ஆடு மேய்க்கும் தாத்தாக்கள் சொல்லித் தருவார்கள். வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து பேசுங்கள்.