கரண்ட் போனாலும் பேசும் வானொலி



2017 நவம்பர் 30-ஐ நம்ம மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ஒக்கி புயலில் ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் செல்போன் சார்ஜ் தீர்ந்தாலும், ரெண்டு பேட்டரி போட்ட சின்ன ரேடியோ பேசும்.

அந்த ரேடியோவுக்கு நம்ம பக்கம் ஒரு நீண்ட கதை உண்டு. 1943-ல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசின் வானொலி தொடங்கியது. 1956-ல் நாம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தோம். 1963-ல் திருநெல்வேலி நிலையம் வந்தது. 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலிலேயே அகில இந்திய வானொலி நிலையம் திறந்தது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அதுதான்! இன்று 101 மெகாஹெர்ட்ஸில் நாம் கேட்கும் குமரி பண்பலை.

ஒரு விஷயம் கவனிங்க. பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும்; மலை மறைத்தால் அந்தப் பக்கம் ஒலி மங்கும். வேளிமலை அடிவார வீடுகளில் இரைச்சல் வந்தால், ஏரியலை முழுசா நீட்டி, ரேடியோவை ஜன்னலோரமோ மாடியிலோ வைத்துப் பாருங்க. செல்போனில் கேட்பவர்கள் இயர்போன் வயரை மாட்டணும். பல போன்களில் அதுதான் ஏரியல்.

இதையெல்லாம் புயல் அன்றைக்குத் தேடாதீங்க. வீட்டில் எந்த மூலையில் தெளிவாகக் கேட்குதுன்னு இன்றைக்கே பாருங்க. ரேடியோ பக்கத்திலேயே ரெண்டு எண்களை எழுதி ஒட்டுங்க: மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில கட்டுப்பாட்டு அறை 1070.